ஜாங்கோவும் மனப்பாடமும்

சொற்பொருளைச் செய்யுளில் அடக்கிய நிகண்டுகளை முற்காலத்து மாணாக்கர் நெட்டுருப் போட்டே தீரவேண்டியிருந்தது. 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தம் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அமைத்துத் தந்தபின், எழுத்துகளின் வரிசையை அறிந்த எவரும் வேண்டிய சொல்லைத் தேடியெடுக்கும் சௌகரியம் உண்டாயிற்று. கணினி நிரல் எழுதக் கற்கும் இளைஞர் பலர், பிரேம்வொர்க் எனப்படும் பெரிய கட்டமைப்பு எதையேனும் கண்டவுடன், அதை நிகண்டாகப் பாவித்து மனனம் செய்ய முற்பட்டுச் சோர்ந்துபோகின்றனர். அதை அகராதியாகப் பாவிப்பதே விவேகம்.

பயனரை அடையாளங்காணல், படிவங்களைச் சரிபார்த்தல், தரவுத்தளத்தில் எழுதுதல் முதலாக எல்லா இணையதளங்களுக்கும் பொதுவான காரியங்களை முன்னரே எழுதிவைத்து, நம் நிரலைப் பொருத்துவதற்கு உரிய இடங்களை விட்டிருப்பதே கட்டமைப்பு. அவற்றுள் பிரசித்தமான ஜாங்கோ, அமெரிக்காவில் கன்ஸாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரின் தினசரிப் பத்திரிகை ஒன்றில் பணியாற்றிய அட்ரியன் ஹொலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவரால் 2003-இல் பைத்தான் மொழியில் தொடங்கப்பெற்று, 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. அதன் விளக்கநூல் இன்று ஆயிரம் பக்கங்களைத் தாண்டும்; அதனை மனனம் செய்வது வீண் பிரயாசை.

அகராதிக்கு எழுத்து வரிசை எப்படியோ, ஜாங்கோவுக்குக் கோரிக்கை செல்லும் மார்க்கம் அப்படி. உலாவியிலிருந்து வரும் கோரிக்கை மிடில்வேர் என்னும் இடைநிலை அடுக்குகளைக் கடந்து, முகவரிப் பட்டியலில் மேலிருந்து கீழாக ஒப்புநோக்கப்பட்டு, முதலில் பொருந்தும் வரிக்குரிய வியூ என்னும் நிரற்பகுதியை அடைகிறது. வியூவானது தரவின் அமைப்பை வரையறுக்கும் மாடல் வழியே தரவுத்தளத்தை விசாரித்து, கிடைத்ததை டெம்ப்ளேட் என்னும் பக்க வார்ப்பில் நிரப்பித் திருப்பி அனுப்புகிறது. பிழை நேர்ந்தால் இந்த மார்க்கத்தில் கோரிக்கை எங்கே நின்றது என்று பார்ப்பதே முதற்காரியம்.

டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்னும் பிழைப் பக்கத்தின் தலைப்பைக் கண்டதுமே கலங்குபவர், அதன் கீழே ஜாங்கோ எந்தெந்தக் கோப்புறைகளில் தேடிற்று என்ற ஜாபிதா இருப்பதைக் கவனிப்பதில்லை. அங்கே ‘டெம்ப்ளேட்ஸ்’ என்று பன்மையில் இருக்க, தாம் ‘டெம்ப்ளேட்’ என்று ஒருமையில் பெயரிட்டது அந்த ஜாபிதாவை வாசித்தாலே விளங்கிவிடும். அவ்வாறே, முகவரி பொருந்தாதபோது எந்தெந்த வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது என்பதையும் ஜாங்கோ வரிசையாகக் காட்டும். இவ்விரண்டும் பிழைகளை விவரமாகக் காட்டும் டீபக் நிலை இயங்கும்போது மட்டுமே கிட்டும் உபகாரங்கள். பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் அந்நிலையை நிறுத்திவிடுவது அவசியம்.

ஆனால் எல்லாக் குறைகளும் பிழையாக அறிவிக்கப்படுவதில்லை. நூறு நூல்களை ஆசிரியர் பெயரோடு காட்டும் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் விவரத்தைக் கேட்கும்போதுதான் ஜாங்கோ தரவுத்தளத்தை நாடும் ஆதலால், பட்டியலுக்கு ஒன்றும் ஆசிரியர்களுக்கு நூறுமாக 101 வினவல்கள் சென்றுவிடும். பக்கம் சரியாகவே தோன்றும், தாமதம் மட்டுமே மிஞ்சும். செலக்ட் ரிலேட்டட் என்னும் முறையைச் சேர்த்தால் ஒரே வினவல் போதுமானது.

ஆகவே மனத்தில் இருத்தத் தக்கவை அந்த மார்க்கமும், ஓசையின்றிக் கெடுதல் செய்யும் இத்தகைய சில சுபாவங்களுமே. செலக்ட் ரிலேட்டட் என்ற பெயர் மறந்துபோனாலும் பாதகமில்லை. வினவல்கள் பெருகியிருப்பதைக் கண்டு, அதற்கொரு பரிகாரம் விளக்கநூலில் இருக்கத்தான் வேண்டும் என்று தேடத் தொடங்குபவருக்கு அது சில நிமிஷங்களில் அகப்பட்டுவிடும்.