மடக்கு இருக்கையில் கழியும் இரவு

அமெரிக்காவில் பறக்கும் எம்ப்ரேயர் 175 போன்ற சிறு ஜெட்டுகளில், இரு விமானிகளின் முதுகுக்குப் பின்னால், காக்பிட் கதவை ஒட்டி ஒரு மடக்கு இருக்கை இருக்கும். ஜம்ப் சீட் என்பார்கள். சாயவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. சோதனைக்கு வரும் அரசு ஆய்வாளருக்கு முதலுரிமை உள்ள அந்த இடத்தில், ஓர் ஊரில் குடியிருந்து இன்னோர் ஊரில் வேலை பார்க்கும் வேறு விமானிகளும் ஏறிப் போகிறார்கள். டிக்கெட் வேண்டாம். ஆனால் அடையாள அட்டை வேண்டும். ஆள் இன்னும் வேலையில்தான் இருக்கிறாரா என்று கேட்டில் கணினியைத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் கேப்டனிடம் நேரில் அனுமதி கேட்க வேண்டும். அவர் முடியாது என்றால் முடியாதுதான். இத்தனை கெடுபிடியும் உட்காருபவர் யார் என்பதைப் பற்றியது. அவர் தூங்கி எத்தனை நேரம் ஆயிற்று என்று கேட்க விதியில் இடமே இல்லை. ஓட்டை அங்கேதான்.

2009 பிப்ரவரி 12 இரவு, நெவார்க்கிலிருந்து கிளம்பிய கோல்கன் ஏர் 3407 பஃபலோ அருகே ஒரு வீட்டின்மேல் விழுந்தது. வீட்டில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். (அது ஜெட் அல்ல, புரொப்பெல்லர் விமானம், வேலைமுறை ஒன்றுதான்.) துணை விமானி முந்தின இரவு சியாட்டிலில் சரக்கு விமானம் ஏறி, மெம்ஃபிஸில் மாறி, காலையில் நெவார்க் வந்து சேர்ந்தவர். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். வேகம் குறைகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதே காரணம் என்றது விசாரணை. களைப்பும் இருந்திருக்கும், எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்றது.

வேலை பார்க்கும் ஊரிலேயே குடியிருந்தால் என்ன என்பார்கள். எந்த ஊர் என்பதைத் தீர்மானிப்பது பணிமூப்பு. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது மூத்தவர்கள் வேண்டாமென்று விட்டது. நிறுவனம் அந்த ஊரில் உள்ள பணித்தளத்தை மூடினால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். சம்பளம் இப்போது ஏறிவிட்டது, உண்மை. பணிமூப்பு முறை மாறவில்லை. போதாக்குறைக்கு, சிறு ஜெட்டில் அந்த இருக்கை ஒன்றே ஒன்று. வேறொருவர் முந்திக்கொண்டாலோ, எடை கூடிப்போனாலோ அதுவும் இல்லை. அதனால் ஒரு விமானத்துக்கு இரண்டாகக் கணக்குப் போட்டு, விடியுமுன்பே எழுந்து ஓடுகிறார்கள்.

2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியது. அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு வேண்டும். வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வரும் பயணம் பணி நேரத்தில் சேராது. பறக்கத் தகுதியோடு இருக்கிறேன் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் விமானிதான் உறுதி சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வரும் பயணங்களைக் கட்டுப்படுத்தப் போதிய தரவு இல்லை என்றது 2011-ல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு. சேர்த்துப் பார்க்காவிட்டால் தரவு எப்படி வரும்? யார் எந்த விமானத்தில் ஜம்ப் சீட்டில் போனார் என்பது பதிவாகத்தான் செய்கிறது. அதைப் பணி அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தால் போதும்.

வேவு பார்ப்பது ஆகிவிடாதா, பயந்தவர்கள் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து மறைக்க மாட்டார்களா என்றால், நியாயமான பயம். அதனால்தான் அந்தப் பதிவு தண்டிக்க அல்ல, முந்தின இரவுக்கு நிறுவனச் செலவில் ஓர் ஓட்டல் அறை ஒதுக்கப் பயன்பட வேண்டும் என்கிறேன். இருக்கையையே மூடிவிடு என்பவர்கள் 2023 அக்டோபர் 22-ஐக் காட்டுவார்கள். அன்று எம்ப்ரேயர் 175 ஒன்றில் ஜம்ப் சீட்டில் இருந்த விமானி, எஞ்சின்களை நிறுத்தும் தீயணைப்புக் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தார்; மற்ற இருவரும் தடுத்து விமானத்தைப் போர்ட்லண்டில் இறக்கினார்கள். அடையாளச் சோதனை எல்லாவற்றையும் தாண்டித்தான் அவர் உள்ளே வந்திருந்தார். போதைக் காளான் தின்றதையும் 40 மணி நேரமாகத் தூங்காததையும் பிறகு அவரே போலீசிடம் சொன்னார்.