கிணற்றடியில் ஆயில் எஞ்சின்

கமலையும் ஏற்றமும் நமது கிணற்று மேடுகளை விட்டு அகன்று நெடுங்காலமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் அறிஞர், எண்ணெய் எஞ்சினைக் கொண்டு பாசனத்துக்கு நீர் இறைக்கும் முறையை முயன்று பரப்பினார். 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், கோவை வட்டாரத்தில் மின்சார மோட்டார்கள் இடம் பெறலாயின. ஆயினும், மின் இணைப்பு எட்டாத வயல்களிலும், வாய்க்காலிலிருந்து நீர் ஏற்ற வேண்டிய கரைகளிலும், மின்தடை நேரும் நாட்களிலும் டீசல் எஞ்சின்தான் இன்றும் கைகொடுத்து வருகிறது.

லாரியிலும் டிராக்டரிலும் ஓடுவது இதே இனத்தைச் சேர்ந்த எஞ்சினே. அளவும் வேகமும் வேறுபடும், தத்துவம் ஒன்றுதான். ஆனால் லாரிக்குப் பயிற்சி பெற்ற ஓட்டுநர் ஒருவர் உண்டு. கிணற்றடி எஞ்சினையோ, வீட்டில் அன்று யாருக்கு ஓய்வு இருக்கிறதோ அவர் ஓட்டுகிறார். ஆகவே அதன் இயல்பை விவசாயக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஜெர்மானியரான ருடால்ப் டீசல், 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் உள்ளதைப் போல இதில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைச் சிறுவரும் அறிவர். டீசல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்தப்பெற்று, 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்நேரத்தில் நாஸில் வழியாகப் பனிபோல் தூவப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், எரியக்கூடிய எண்ணெய் எவ்வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்தாலும் அது எரிந்து எஞ்சினை ஓட்டும் என்பதே. எஞ்சின் ஆயிலை அளவுக்கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டாலோ, காற்று வடிகட்டியின் தொட்டியில் எண்ணெயை மிகுதியாக நிரப்பிவிட்டாலோ, அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுப்பதுண்டு. அப்போது டீசல் குழாயை மூடினாலும் அது நிற்பதில்லை. காற்று புகும் வாயைத் தட்டையான பலகையால் அடைப்பதே வழி. கையை வைத்து அடைக்கக் கூடாது. ஆயில் குறைந்தால் கேடு என்பதை எல்லோரும் அறிந்திருக்கிறோம். மிகுந்தாலும் கேடு என்பதை அறிந்தவர் சிலரே.

எஞ்சின் தகராறுகளில் பெரும்பாலானவை அழுக்கினாலும் தண்ணீராலும் வருபவை. டீசல் பீப்பாயைச் சற்றே சாய்த்து வைத்து, ஒரு நாள் முழுதும் அசையாமல் தெளியவிட்டு, அடிவண்டலைக் கலக்காமல் மேலிருந்து எடுத்தல் வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியிலோ பீப்பாயிலோ டீசலைச் சேமித்து வைத்தல் ஆகாது. துத்தநாகத்தோடு அது வினைபுரிந்து பசைபோன்ற கசடு உண்டாகி வடிகட்டியை அடைத்துவிடும். விலை குறைவு என்று மண்ணெண்ணெயைக் கலப்பவர்கள், சேமித்த பணத்தை எண்ணெய் பம்பையும் நாஸிலையும் பழுது பார்க்கச் செலவிடுகிறார்கள். அவ்விரு உறுப்புகளும் டீசலின் வழவழப்பாலேயே தேயாமல் இயங்குபவை. எஞ்சின் ஆயிலை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது எஞ்சினோடு தரும் புத்தகத்தில் உள்ளது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் கொட்டகைச் சுவரில் கரிக்கோடாக இட்டு வந்தாலும் போதுமானது.

குளிர்விக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. எவ்வளவு குளிர்ந்த நீர் பாய்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று நினைத்து, பம்பு இறைக்கும் நீரை அப்படியே எஞ்சினுக்குள் திருப்பிவிடுகிறார்கள். சிலிண்டர் குளிர்ந்தே இருந்தால், எரிந்த வாயுக்களிலுள்ள ஈரமும் கந்தகமும் சேர்ந்து சுவரில் அமிலமாகப் படிந்து லைனரை அரிக்கும். டீசலும் கூடுதலாகச் செலவாகும். வெளிவரும் நீர் நன்றாகச் சூடாக இருப்பதே சரி. மாறாக, தண்ணீர் நின்றுபோய் எஞ்சின் கொதித்துவிட்டால், பதற்றத்தில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. ஹெட் வெடித்துவிடும். நிறுத்திவிட்டு, தானாக ஆறும் வரை காத்திருப்பதே முறை. லாரி, டிராக்டர்களில் சூடாக உள்ள ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் பீறிட்டு அடிக்கும் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புபவர் முதலில் வேட்டியை மடித்து இறுகக் கட்டி, தோளிலுள்ள துண்டை அப்பால் வைத்துவிடுதல் வேண்டும். பம்பின் கைப்பிடியை இரண்டு மூன்று முறை அழுத்தினால், நாஸிலிலிருந்து ‘கிறீச்’ என்ற ஒலி கேட்கும். அவ்வொலி வராவிட்டால் டீசல் சரியாகத் தூவப்படவில்லை என்று பொருள். வீணாகச் சுற்றிக் களைப்பதில் பயனில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்த்து, திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வழியும் வரை விட்டு, பிறகு இறுக்க வேண்டும். வால்வைத் தூக்கிவைக்கும் நெம்புகோலைப் போட்டுக்கொண்டு, கனத்த சக்கரம் நல்ல வேகம் எடுத்த பின்னரே அதை விடுதல் வேண்டும். அரைகுறை வேகத்தில் விட்டால் சக்கரம் பின்னோக்கி உதைக்கும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். உதைத்தால் கை விலகிவிடும். இல்லையேல் கட்டை விரலோ மணிக்கட்டோ முறியும்.

நாஸிலைக் கழற்றிச் சோதிக்கும்போது அதன் முன் கையைக் காட்டக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வரும் அத்தூவல், தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளியே தெரியும். வலியும் உடனே மிகுதியாக இராது. அதை அலட்சியம் செய்தவர்கள் விரலையும் கையையும் இழக்க நேர்ந்திருக்கிறது. அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெல்ட்டு ஓடும் பக்கத்தில் மூங்கில் தட்டியாவது கட்டி மறைத்தல் வேண்டும். நீர் விழும் தொட்டியில் கை கால் கழுவவும் குடத்தில் நீர் பிடிக்கவும் பெண்களும் குழந்தைகளும் வருவது எல்லாக் கிராமங்களிலும் உள்ளதே. சேலைத் தலைப்பும் அவிழ்ந்த கூந்தலும் பெல்ட்டில் சிக்கினால், எஞ்சினை நிறுத்த ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இனி, இக்கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பம்பு நீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரம் சுமார் 34 அடி. குழாயின் உராய்வு, வால்வின் தடை, காற்றுக் கசிவு ஆகியவை போக, நடைமுறையில் 20 அல்லது 22 அடிக்கு மேல் உறிஞ்சுவது அரிது. கோடையில் கிணற்று நீர் அதற்கும் கீழே போய்விட்டால், மேட்டிலுள்ள எஞ்சின் எத்தனை குதிரைத் திறன் கொண்டதாயினும் தண்ணீர் ஏறாது. பயிர் வாடுகிறது. கிணற்றின் உட்புறம் ஒரு திட்டு அமைத்து, பம்போடு எஞ்சினையும் இறக்கிவிடலாம் என்ற எண்ணம் அப்போது தோன்றுகிறது. அதுவே பல உயிர்களுக்கு எமனாக முடிந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுற்றும் 1.4 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கிறது. ஆக, நிமிடத்துக்கு சுமார் 450 லிட்டர் காற்று. 15 அடி விட்டமுள்ள கிணற்றில் 20 அடி உயரத்துக்கு நிற்கும் காற்று ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். மேற்காற்று வந்து கலவாவிட்டால், அவ்வளவையும் அந்த ஒரு எஞ்சின் நான்கு மணி நேரத்துக்குள் இழுத்துப் புகையாக்கிவிடும். ஆபத்து அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. திறந்த வெளியில் டீசல் எஞ்சின் வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு குறைவுதான். ஆனால் தான் விட்ட புகையையே தான் மீண்டும் சுவாசிக்கும் நிலை வரும்போது, பிராணவாயு போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது, நச்சுவாயு பெருகுகிறது.

அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான வலிவோடு இதைப் பற்றிக்கொள்கின்றன. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் நினைவு தப்பும். முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், கால்களில் சோர்வு. தலைவலியை வெயிலின் மீது போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறவர், ஏணியைப் பற்றும் வலிமை இல்லாத நிலையில்தான் விழித்துக்கொள்கிறார்.

பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் கண்ட முறை. அது நல்ல முறையே. பிராணவாயு 21 சதவீதத்திலிருந்து சுமார் 16 சதவீதத்துக்குக் குறைந்தால் விளக்கு அணைந்துவிடும். அங்கே மனிதன் இறங்கலாகாது. ஆனால் எஞ்சின் ஓடிய கிணற்றில் அச்சோதனை போதாது. உயிரைக் கொல்லும் அளவுக்குக் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும் காற்றிலும் விளக்கு அணையாமல் எரியும். விளக்கு எரிகிறதே என்று நம்பி இறங்கினால் மோசம் போக நேரும்.

புகைக்குழாயைக் கிணற்றுக்கு மேலே நீட்டிவிட்டால் போதுமே என்று சிலர் கேட்கலாம். குழாய் இணைப்புகள் அதிர்வில் தளர்ந்து கசியும். எஞ்சினின் கீழ்ப்பெட்டியிலிருந்தும் புகை வரும். எஞ்சின் மேட்டில்தான் இருக்க வேண்டும். நீர் ஆழத்தில் இருந்தால் அதற்கேற்ற பம்பை மாற்றுவதே பரிகாரம். பம்பும் எஞ்சினும் மேலேயே இருக்க, கீழிருந்து நீரைத் தள்ளித்தரும் ஜெட் பம்பு உண்டு. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி நீரை மேலெழுப்பும் கம்ப்ரசரும் நம் விவசாயிகள் அறிந்ததே. மேட்டில் ஜெனரேட்டரை ஓட்டி, நீர்மூழ்கி மோட்டாருக்கு மின்சாரம் தரவும் செய்யலாம். இவற்றுக்குச் செலவு கூடும் என்பது உண்மை. அச்செலவைச் செய்ய இயலாதவர், அந்த ஒரு கோடைக்கு இறைப்பைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கிணற்று விபத்துகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளைக் கவனித்தவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். இறந்தவர் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை. தந்தை மயங்கி விழ, மகன் இறங்குகிறான்; அவனும் விழ, அண்டை வயல்காரர் இறங்குகிறார். பாசமும் துணிவும் உள்ளவர்களே மாண்டுபோகிறார்கள். கீழே ஒருவர் மயங்கிக் கிடந்தால், மேலிருப்பவர் செய்யத்தக்கது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் டீசலை மேலிருந்தே நிறுத்த வழியுண்டா என்று பார்ப்பது; தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112 என்ற எண்ணிலும், ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்ணிலும் உடனே சொல்வது; விசிறியோ மருந்தடிக்கும் விசைக்கருவியோ இருந்தால் நல்ல காற்றை உள்ளே செலுத்துவது. சுவாசக் கருவி அணிந்தவர் தவிர வேறு எவரையும் இறங்க விடலாகாது. அழுது துடிக்கும் உறவினரைப் பிடித்து நிறுத்துவது கடினமான வேலை. ஊரில் மதிப்புள்ள பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் அங்கிருந்தால், அப்பொறுப்பை அவரே ஏற்க வேண்டும்.

கிணற்றில் தூர் வாரவோ, புட் வால்வைப் பழுது பார்க்கவோ இறங்குகிறவர், இறங்கும் முன்பே அக்குளின் கீழாகக் கயிறு கட்டிக்கொண்டு, மறுமுனையை மேலே இருவர் பிடித்திருக்கும்படி செய்தால், மயங்கினாலும் யாரும் இறங்காமலே தூக்கிவிடலாம். மீட்கப்பட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, எஞ்சின் புகையைச் சுவாசித்தார் என்று மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். விரலில் மாட்டிப் பிராணவாயு அளவைப் பார்க்கும் சிறு கருவி, கார்பன் மோனாக்ஸைடு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தம் போலவே காட்டிவிடும்.

இந்தப் புகை கிணற்றில் மட்டும் கொல்வதன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரைக் கொண்டு குடிநீர்த் தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது. அத்தகைய நாட்களில், மழை நனைக்கும் என்று ஜெனரேட்டரைப் பம்பு அறைக்குள்ளோ, மக்கள் தங்கியிருக்கும் பள்ளிக் கட்டடத்தின் தாழ்வாரத்திலோ வைத்து ஓட்டத் தோன்றும். அவ்வாறு செய்யலாகாது. நான்கு கால் நட்டு மேலே மட்டும் கூரை வேய்ந்து, பக்கங்களைத் திறந்தே விட்டு, சன்னல்களுக்கு எட்டாத தூரத்தில், புகைக்குழாய் காற்று வீசும் திசையைப் பார்த்தபடி இருக்குமாறு அதை நிறுத்த வேண்டும். அந்த இடத்தை மழைக்காலத்துக்கு முன்பே பஞ்சாயத்தார் பார்த்துக் குறித்துவைத்து, சிமெண்டு மேடையும் போட்டுவிட்டால், புயலன்று இரவில் இடம் தேட வேண்டியிராது.