ஆளில்லா விமானத்தால் மருந்து தெளித்தல்

ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானம் பயிர்த்தொழிலுக்குப் புதிதன்று. ஜப்பானில் யமஹா கம்பெனியார் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா ஹெலிகாப்டரை 1987-ம் வருஷத்திலேயே விற்பனைக்குக் கொணர்ந்தனர். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் ஜலம் வேண்டும். ட்ரோனுக்குச் சுமார் 10 லிட்டரே போதும். ஆகவே அதன் கலவை மிக்க காரமுள்ளது. பலத்த காற்றில் தெளித்தால் அயல் வயலுக்கும் குளத்திற்கும் கேடு நேரும்.

மருந்து சுமக்கும் யந்திரம் வெடிகுண்டையும் சுமக்கும். 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன் மூலம் குண்டுகள் வீசப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான இந்திய அரசாங்க விதிகளின்படி, மருந்து தெளிக்கும் ட்ரோனுக்குப் பதிவெண்ணும், அதை இயக்குபவருக்கு அத்தாட்சிப் பத்திரமும் அவசியம்.

நிலமுடையோர் இவ்விரண்டையும் பார்வையிட்ட பின்னரே வாடகை பேசுவாராக. பதிவெண்ணின்றிப் பறப்பதைக் கண்டால் கிராம அதிகாரிகள் தாமதமின்றிப் போலீஸாருக்கு அறிவித்தல் நலம்.