கணினியா, முகாமைத்துவமா? 'ஏதாவது' போதாது

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் யாழ். குடாநாட்டில் ஒரே காட்சியைக் காண்கின்றோம். மருத்துவமோ பொறியியலோ கிடைக்காது என்று தெரிந்த மறுநாளே, "கணினியோ முகாமைத்துவமோ ஏதாவது போட்டுவிடு" என்ற அறிவுரை வீட்டுக்கு வீடு வழங்கப்படுகின்றது. அந்த 'ஏதாவது' பிள்ளையின் மூன்று, நான்கு வருடங்களைத் தீர்மானித்து விடுகின்றது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தில், கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் இணைந்த குறியீடுகளை மாணவர் தமது விருப்ப ஒழுங்கில் நிரைப்படுத்த வேண்டும். பட்டியல் மேலிருந்து கீழாகவே பார்க்கப்படும். மாணவரின் இசட் புள்ளி எந்தத் தெரிவின் வெட்டுப்புள்ளியை முதலில் எட்டுகின்றதோ, அங்கேயே அவருக்கு இடம் ஒதுக்கப்படும். அதற்குக் கீழே எழுதியவை யாவும் செல்லாதவையாகிவிடும். எனவே எட்டாது என்று எண்ணும் ஒன்றை முதலில் எழுதுவதால் இழப்பு எதுவுமில்லை. விரும்பாத ஒன்றை, கிடைக்கும் என்ற காரணத்துக்காக மேலே எழுதுவதே இழப்பு.

ஆனால் எம்மவரில் பலர் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளிகளைப் பார்த்து, கூடியது முதலும் குறைந்தது பின்னுமாக விண்ணப்பத்தை நிரப்புகின்றனர். வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி. அது போட்டியையும் இடங்களின் எண்ணிக்கையையும் காட்டுமேயன்றி, கற்பித்தலின் தரத்தைக் காட்டாது. மாவட்டக் கோட்டா காரணமாக ஒரே கற்கைநெறிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு புள்ளி, மன்னாரில் இன்னொன்று, புத்தளத்தில் வேறொன்று. மாவட்டம் பூர்வீக ஊரைக் கொண்டன்றி, பொதுவாகப் படித்த பாடசாலையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில், மீளக் குடியேறியோரும் புத்தளத்தில் தங்கிவிட்டோரும் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

'கணினி' என்ற ஒரு சொல்லுக்குள் பல துறைகள் அடங்கியுள்ளன. யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் 1991 முதல் இயங்கும் கணினி விஞ்ஞானத் துறை கணிதத்தையும் நெறிமுறைத் தர்க்கத்தையும் அடித்தளமாகக் கொண்டது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள கணினிப் பொறியியல், பொறியியலுக்குத் தெரிவானோருக்கே உரியது. 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞான பீடம் தகவல் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கின்றது. அங்குள்ள தொழில்நுட்பக் கற்கைகள் பீடமோ தொழில்நுட்பப் பிரிவு மாணவருக்கான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டத்தை வழங்குகின்றது. கணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளையைக் கணினி விஞ்ஞானத்துக்கு அனுப்பிவிட்டு, பின்னர் வருந்துவதில் பயனில்லை.

வர்த்தகப் பிரிவிலும் இதே குழப்பம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வியாபார நிருவாகமாணியும் வணிகமாணியும் வெவ்வேறு பட்டங்கள். வவுனியாவில் செயற்றிட்ட முகாமைத்துவம் உண்டு. இரண்டிலும் நாட்டமுள்ளோருக்கு முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் இணைந்த கற்கைநெறி களனியிலும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இருப்பது எமது மாணவரில் பலருக்குத் தெரியாது. பட்டயக் கணக்காளராக விரும்புவோர், எந்தப் பட்டத்துக்கு எத்தனை பாடங்களில் விலக்களிப்புக் கிடைக்கும் என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே விசாரிக்க வேண்டும்.

நாம் கலைப்பீடத்துக்குள் நுழைந்த காலத்தில் பாடத்திட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. பஸ் தரிப்பிடத்தில் சந்தித்த மூத்த மாணவர் சொன்னதே வேதவாக்கு. இன்று அவை பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலாண்டில் எத்தனை கணிதப் பாடங்கள், தொழிற்பயிற்சி எத்தனை மாதம், பட்டம் மூன்றாண்டா நான்காண்டா என்று அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கணினிக் கற்கைகள் ஆங்கில மொழிமூலமானவை. தமிழில் உயர்தரம் கற்றோர் அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவிடுதல் நன்று.

இடம் கிடைக்காதோருக்கும் வழியுண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் ஆரம்பித்த தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் ஒன்று. யாழ். உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்கள் இன்னொன்று. தனியார் நிறுவனமாயின், காணியை ஈடுவைக்கும் முன் பட்டத்தை வழங்குவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். உள்நாட்டுப் பட்டமாயின் 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25 அ பிரிவின் கீழ் அனுமதி பெற்றதா என்றும், வெளிநாட்டுப் பட்டமாயின் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கின்றதா என்றும் ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள். விளம்பரம் தருவோரிடம் அல்ல.