லைனில் ஐந்து 'ஏன்'... வகுப்பில் ஒன்றாவது உண்டா?

மெஷின் நின்றுபோனால் ஃபியூஸை மாற்றிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகள் பலவற்றில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் இது. ஃபியூஸ் ஏன் போனது? லோடு கூடியதால். லோடு ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? பம்ப் எண்ணெயை இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. ஐந்தாவது 'ஏன்' வரை போனால்தான் வடிகட்டி பொருத்த வேண்டும் என்பதே தெரியவரும். முதல் 'ஏன்'னோடு நின்றால் அடுத்த வாரமும் ஃபியூஸ் போகும். ஜப்பானியக் கார் ஆலைகளில் பிறந்த இந்த முறை இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

பக்கத்து ஊரான மணிமங்கலத்திலிருந்து இந்த ஆலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பையனையும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் பள்ளியில் 'ஏன்' என்று வாய் திறந்தபோதெல்லாம் 'எதிர்த்துப் பேசாதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள். பதின்மூன்றாவது வருடம் அவர்களிடம் போய், 'கேள்வி கேள், குழுவாக யோசி, யோசனை சொல்' என்கிறோம். எங்கிருந்து வரும்?

படைப்பாற்றல், கூடிச் செயல்படுதல், எடுத்துச் சொல்லுதல், ஆராய்ந்து பார்த்தல் ஆகிய நான்கும் பள்ளியில் வளர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2005 தேசியக் கலைத்திட்டம், 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2025இல் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கை என எல்லாமே மனப்பாடத்தைத் தாண்டச் சொல்கின்றன. காகிதத்தில் குறை இல்லை.

தமிழ்நாடு இதை ஒருமுறை உண்மையாகவே செய்து காட்டியது என்பதுதான் மனசை அறுக்கிறது. ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அன்றைய வகுப்பறையை நேரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெஞ்சு இல்லை, பாய்தான். கரும்பலகை சுவரில் கீழிறங்கி, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம். ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். ஏணிப்படி அட்டையைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய அட்டையைப் பிள்ளையே போய் எடுத்துவரும். ஒன்று முதல் நான்கு வரை கலந்து உட்கார்ந்ததால், பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

இதில் இன்னொரு நன்மை இருந்தது. பதினைந்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்தே தொடரலாம். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியிருக்கும் இந்தப் பகுதிக்கு இன்று அது இன்னும் அதிகமாகத் தேவை.

ஆறு முதல் எட்டு வரைக்கான முறைக்குப் 'படைப்பாற்றல் கல்வி' என்றே பெயர் வைத்தார்கள். பாடத்தைப் படித்து, மனவரைபடம் போட்டு, குழுவில் பேசித் தொகுத்து, எழுந்து நின்று சொல்ல வேண்டும். நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசும் நான்கு திறன்களும் அதில் இருந்தன. பிறகு முறைகள் மாறின, பெயர்களும் மாறின.

2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. செய்துபார்க்கும் வேலைக்கு மதிப்பெண் தருவது நல்ல எண்ணம்தான். ஆனால், மதிப்பெண் வந்த மறுநாளே அந்த வேலை கடைக்குப் போய்விட்டது. பள்ளிக்கூட வாசல் கடைகளில் தெர்மாகோலும், பளபளப்பு ஒட்டிய சார்ட்டும், தலைவர்கள் படம் அச்சிட்ட தாள்களும் தொங்க ஆரம்பித்தன. ராத்திரி அம்மாவோ அக்காவோ உட்கார்ந்து வெட்டி ஒட்டுவார்கள். பிள்ளை தூங்கியிருக்கும். என் பயமெல்லாம் இதில்தான். விமர்சனச் சிந்தனைக்கும் நாளைக்கு ஒரு பாடவேளை, ஒரு புத்தகம், ஒரு ஒன் மார்க் கேள்வி வரும். அதற்கு ஒரு கைடும் வரும். பிள்ளைகள் அதையும் ஒப்பிப்பார்கள். மதிப்பெண் பட்டியலுக்குள் நுழைந்த எதுவும் நம் ஊரில் மனப்பாடமாகாமல் தப்பியதில்லை. உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்த பிள்ளை, தன் வகுப்புத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்குமா?

இத்தனைக்கும் மணிமங்கலம் பிள்ளைகளுக்குச் சார்ட் எதற்கு? ஊரே பாடம். முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைச் சொல்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் வீரராஜேந்திரன் கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற செய்தி இருக்கிறது. வென்ற அரசன் எழுதிவைத்ததை அப்படியே நம்பலாமா, தோற்றவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஏழாம் வகுப்பு கூடிப் பேசட்டும். விமர்சனச் சிந்தனைக்கு வேறு பாடநூல் வேண்டாம்.

இன்னும் பெரிய பாடம் ஏரிக்கரையில் இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஏன்? அடையாறு கரை மீறியது. ஏன்? பெருமழையில் மேலேயுள்ள ஆதனூர், மணிமங்கலம், படப்பை ஏரிகளின் உபரிநீரெல்லாம் சேர்ந்து வந்தது. வந்த தண்ணீருக்கு ஏன் வழி போதவில்லை? இங்கிருந்து பிள்ளைகளே தொடரட்டும். கலங்கலைப் போய்ப் பார்க்கட்டும், கால்வாயோடு நடக்கட்டும், தாத்தாவிடம் எது வயலாக இருந்தது என்று கேட்கட்டும். வயல் ஏன் மனையானது, மனை விலை ஏன் ஏறியது என்று போனால், ஐந்தாவது 'ஏன்' தங்கள் வீட்டுப் பத்திரத்திலேயே வந்து நிற்கலாம். அப்போது வகுப்பில் நடக்கும் விவாதத்துக்கு எந்த கைடிலும் விடை இருக்காது.

எடுத்துச் சொல்லும் திறன் என்றாலே ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றாகிவிட்டது. ஆங்கிலம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் பவர் பிரஸ்ஸில் சென்சார் வேலை செய்யாதபோது, 'சார், சரிபண்ணாம இதை ஓட்ட முடியாது' என்று சூப்பர்வைசரிடம் சொல்லும் துணிவுக்கும் தெளிவுக்கும் தமிழ் போதும். அதைச் சொல்லப் பழகாத வாய்க்கு விலை, விரல். பள்ளியிலேயே பழக்க வேண்டிய பேச்சு இதுதான்.

முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. படிப்பதும் கேள்வி கேட்பதும் ஒன்றாகவே வளரும் என்பதற்குச் செயல்வழி வகுப்பறையே சாட்சி. வேலைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2006இல் இதே வட்டாரத்தில் உற்பத்தி தொடங்கிய கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். லைனில் கற்ற ஒரே வேலை, லைனோடு போனது. அடுத்து என்ன என்று யோசிக்கும் பழக்கத்தை எந்த ஆலையும் மூட முடியாது.

2017-18இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் கைவிடுவதாக மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்திருக்கிறது. அந்த ஒரு வருடத்தை என்ன செய்யப்போகிறோம்? பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பின் ஜூன் மாதமே தொடங்கும் பழைய வழக்கத்துக்குப் பள்ளிகள் திரும்பிவிடக் கூடாது. பெற்றோரும் உறுப்பினராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்கும்படி தீர்மானம் போடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கட்டும், கூடித் தேடட்டும், கண்டதை ஊர்முன் சொல்லட்டும். அதற்கு மட்டும் மதிப்பெண் கேட்காதீர்கள்.