கவனிக்கப்படாத வளைவுகள்: நூர்பேர்க்றிங் மோட்டார் ஓட்டப் பாதையை முன்வைத்து ஒரு நோக்கு

மோட்டார் ஓட்டப் போட்டிகளைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் சில வளைவுகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காண்கிறோம். பெல்ஜியத்தின் ஸ்பா பாதையிலுள்ள ஓ றூஜ், மொனாக்கோ நகரவீதியின் கொண்டையூசி வளைவு, ஜேர்மனியின் நூர்பேர்க்றிங்கிலுள்ள கரூசல் என்பன அத்தகையன. படப்பிடிப்பாளர் இவற்றையே நாடுகின்றனர். பார்வையாளரும் இவற்றின் அருகிலேயே குழுமுகின்றனர். ஆனால் ஒரு சுற்றின் நேரத்தைத் தீர்மானிப்பவை இவைதாமா? சாரதியின் உயிருக்கு ஆபத்து நேருமிடங்கள் இவைதாமா? இவ்விரு வினாக்களையும் நூர்பேர்க்றிங் என்னும் ஒரேயொரு பாதையை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வளைவொன்றின் புகழ் பார்ப்பவன் நிற்குமிடத்தைப் பொறுத்தது. அதன் பெறுமதியோ அதனையடுத்து வரும் பாதையைப் பொறுத்தது என்பது நமது கருத்து.

நூர்பேர்க்றிங் ஜேர்மனியின் மேற்கே ஐபெல் மலைப்பகுதியில் அமைந்துள்ளது. 1925ஆம் ஆண்டு தொடங்கிய வேலை 1927இல் நிறைவெய்தியது. முதலாம் உலகப் போருக்குப் பிற்பட்ட அந்நாளில் ஐபெல் மிக வறிய பிரதேசமாயிருந்தது. அடெனவ் மாவட்ட நிருவாகத் தலைவரான ஒற்றோ குறொய்ற்ஸ் என்பவர் வேலையற்றோர்க்குத் தொழில் வழங்கும் அரச திட்டமாகவே இதனை முன்னெடுத்தார். மலைச்சரிவுகளை வெட்டிப் பாதை சமைத்தோர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர். பாதையின் வடக்கு வளையம் ஏறக்குறைய 22.8 கிலோமீற்றர் நீளமுடையதாயிருந்தது. திருத்தங்களின் பின் இன்று 20.8 கிலோமீற்றர். தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்குமிடையே 300 மீற்றரளவு உயர வேறுபாடு உண்டு. எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளுள் உலகறிந்தது கரூசல் ஒன்றே எனலாம்.

கரூசல் இடப்புறமாக அரைவட்டத்தையும் விஞ்சித் திரும்பும் வளைவாகும். அதன் உட்புறம் கிண்ணம்போற் சரிந்த கொங்கிறீற்றுத் தளமாக அமைந்துள்ளது. தொடக்கத்தில் அது மழைநீர் வடிவதற்கான கானாகவே இருந்ததென்றும், றூடொல்ப் கரச்சியோலா போன்ற சாரதிகள் சில்லுகளைக் கானுக்குள் இறக்கி விரைவாகத் திரும்பக் கண்டுகொண்டனர் என்றும் கூறுவர். சரிந்த தளம் வாகனத்தை உள்நோக்கித் தாங்குவதால், தட்டையான தரையிலும் பார்க்க அதிக கதியில் திரும்ப முடிகிறது. வாகனம் கொங்கிறீற்றுப் பலகைகளின் மீது குலுங்கியபடி பார்வையாளனுக்கு மிக அண்மையாகக் கடந்துசெல்கிறது. காட்சி என்ற வகையில் இதனைக் குறைகூற இயலாது. ஆயினும் கரூசலை விட்டு வெளியேறும் வாகனத்தின் முன்னே கிடப்பது வளைவுகள் நெருங்கிய குறுகிய ஏற்றமே. கரூசலில் ஈட்டிய சிறிதளவு கதியைப் பெருக்கிக்கொள்ள அங்கே இடமில்லை.

இதனைத் தெளிவுபடுத்தப் பாடசாலைப் பௌதிகமே போதுமானது. தட்டையான வளைவொன்றிற் செல்லக்கூடிய உச்சக் கதியின் வர்க்கம், வளைவின் ஆரைக்கும் ரயருக்கும் தரைக்குமிடையேயுள்ள உராய்வுக்கும் விகிதசமமானது. ஆரை நான்கு மடங்கானாற் கதி இரு மடங்காகும். இதனாலேயே சாரதிகள் பாதையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவை இயன்றவரை அகட்டிக்கொள்கின்றனர். வளைவின் பின் நீண்ட நேர்பாதை வருமாயின், உள்விளிம்பைத் தொடும் இடத்தைச் சற்றுப் பிந்திக் கொள்வர். நுழைவில் நேரம் சிறிது இழக்கப்படும். வெளியேறும்போது வாகனத்தை முன்னதாகவே நிமிர்த்தி முழு வலுவையும் பிரயோகிக்கலாம்.

இவ்விழப்புக்கும் பேற்றுக்குமுள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டொன்றாற் கணித்துப் பார்ப்போம். 100 மீற்றர் நீளமுள்ள வளைவொன்றை ஒரு வாகனம் செக்கனுக்கு 40 மீற்றர் கதியிலும் மற்றொன்று 42 மீற்றர் கதியிலும் கடப்பதாகக் கொள்வோம். வளைவினுள்ளே பின்னையது பெறும் நன்மை 0.12 செக்கன் மட்டுமே. வளைவின் பின் இரண்டு கிலோமீற்றர் நேர்பாதை இருந்து, இரண்டும் ஒரே ஆர்முடுகலுடன் (செக்கனுக்குச் செக்கன் ஒரு மீற்றர் எனக் கொள்க) சென்றால், முன்னையது அத்தூரத்தைக் கடக்க 34.8 செக்கனும் பின்னையது 33.9 செக்கனும் எடுக்கும். வளைவினுட் கிடைத்ததைப்போல் ஏழு மடங்குக்கு மேற்பட்ட நன்மை வளைவுக்கு வெளியே கிடைக்கிறது. உண்மையில் கதி கூடக்கூடக் காற்றின் தடை மிகுந்து இவ்வேறுபாட்டைக் குறைக்கும், முற்றாக இல்லாதொழிப்பதில்லை.

நூர்பேர்க்றிங்கில் இக்கணிப்புக்கு ஏற்ற இடம் கால்கன்கொப் ஆகும். தூக்குமேடைக் குன்று எனப் பொருள்படும் பெயர் அது. கேட்டவுடன் அச்சந்தரும் இப்பெயர்கூட அதற்குப் புகழ் தேடித் தரவில்லை என்பது சற்று வேடிக்கையானது. வலப்புறமாக இருமுறை உள்விளிம்பை நெருங்கிச் செல்லும் விரைவான வளைவு அது. கண்ணைக் கவரும் சரிவோ பள்ளமோ அங்கில்லை. அதன் முடிவிற்றான் டொற்றிங்கர் ஹோஹ எனப்படும், இரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நேர்பாதை தொடங்குகிறது. முதலாவது திருப்பத்தில் அவசரப்பட்டவன் இரண்டாவதில் வெளிப்புறம் தள்ளப்படுகிறான். அவன் காலை எடுத்த அரைக்கணத்தின் விலையை நேர்பாதை முழுவதும் செலுத்துகிறான். கரூசலிற் கைதட்டுப் பெறும் சாரதி இங்கே பின்தங்கிவிடக்கூடும். அதனைக் கண்டு சொல்ல நேரக்கணிப்புக் கருவியால் மட்டுமே முடியும்.

பேர்க்வேர்க்கின் நிலை இன்னும் ஆழமானது. சுரங்கம் எனப் பொருள்படும் பெயரை இவ்வளைவு தாங்கி நிற்கிறது. பாதையின் மிகத் தாழ்ந்த இடமான பிறைட்ஷைற்றைத் தாண்டிச் சிறிது ஏறியதும் இது வருகிறது. வலப்புறமாக நீண்டு திரும்பும் இவ்வளைவை விரைந்து நுழைந்தவன் வெளிவிளிம்பில் அல்லற்படுவான். இதனை அடுத்து வருவது கெஸ்ஸல்ஹென் எனும் நெடிய ஏற்றம். சமதளத்தில் இழந்த கதியை எஞ்சின் ஒருவாறு மீட்டுத்தரும். ஏற்றத்திலோ எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு வாகனத்தின் நிறையை உயர்த்துவதிலேயே செலவாகிறது. ஆகவே இழந்தது எளிதில் மீளாது. வலுக்குறைந்த வாகனமெனின் இவ்விழப்பு இன்னும் பெரிது. பணபலம் மிக்க அணியின் எஞ்சின் சாரதியின் பிழையை ஓரளவு மறைக்கும்; சிறிய அணியின் சாரதிக்கு அவ்வசதி இல்லை.

இவ்விடத்தின் மறுபுறத்தையும் நாம் நோக்கவேண்டும். 1976 ஓகஸ்ற் 1ஆந் திகதி ஜேர்மன் கிறான் பிறீ போட்டியின் இரண்டாஞ் சுற்றில், பேர்க்வேர்க்குக்குச் சற்று முன்னுள்ள இடப்புறச் சிறு திருப்பத்தில் நிக்கி லௌடாவின் பெறாரி வாகனம் நிலைதவறி மண்ணணையில் மோதித் தீப்பற்றியது. ஈரம் உலர்ந்துகொண்டிருந்த பாதையில், மழைக்கான ரயர்களை மாற்றிவிட்டு அவர் புறப்பட்ட சுற்று அது. அவரைத் தீயினின்றும் இழுத்தெடுத்தோர் பின்னால் வந்த சாரதிகளான மெர்ஸாறியோ, எட்வேட்ஸ், லங்கர், ஏர்ட்ல் ஆகியோராவர். 22 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் தீயணைப்போரையும் மருத்துவரையும் நிறுத்துதல் இயலாது என்பதே லௌடாவின் முன்னைய வாதமாயிருந்தது. அவ்வாண்டுப் போட்டியைப் பகிஷ்கரிக்கவேண்டுமென அவர் சக சாரதிகளிடம் கோரினார், பெரும்பான்மையினர் உடன்படவில்லை. இதனை அச்சத்தின் குரலெனக் கொள்வது பொருந்தாது. முந்திய ஆண்டு அதே பாதையை 6 நிமிடம் 58.6 செக்கனிற் சுற்றி, ஏழு நிமிட எல்லையை உடைத்தவர் அவரே.

இவ்விபத்தைப் பற்றி நாம் பார்க்கும் அசையும் படம், தொலைக்காட்சி நிறுவனத்தாற் பிடிக்கப்பட்டதன்று. அங்கு நின்றிருந்த இளைஞரொருவர் 8 மில்லிமீற்றர் கமெராவிற் பதிந்தது அது. உலகின் கண்கள் வேறிடங்களில் இருந்தன. இதனை வெறுந் தற்செயலெனக் கொள்ள நாம் தயங்குகிறோம். கமெரா எங்கே நிறுத்தப்படுகிறதோ அங்கேயே கவனமும், கவனம் எங்கேயோ அங்கேயே பெரும்பாலும் வசதியும் செல்கின்றன. முன்னைய மரணங்களை எடுத்து நோக்கின் இது மேலும் தெளிவுறும். 1954இல் ஒனோபிறே மரிமோன் வேர்ஸைபன் அருகிலும், 1958இல் பீற்றர் கொலின்ஸ் பிளான்ஸ்கார்ட்டனிலும், 1964இல் டி போபோர்ட் பேர்க்வேர்க்கிலும், 1969இல் கேர்ஹாட் மிற்றர் ஷ்வேடன்குறொய்ஸ் அருகிலும் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தனர். இவற்றுள் எதுவும் கரூசலில் நிகழ்ந்ததன்று. அங்கே கதி குறைவு என்பது அதற்கொரு காரணம். கண்ணுக்குப் பயங்கரமாகத் தோன்றுவதும் உண்மையில் ஆபத்தானதும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை.

1970இற் சாரதிகள் இப்பாதையில் ஓட மறுத்ததன் விளைவாக அவ்வாண்டுப் போட்டி ஹொக்கன்ஹைமுக்கு மாற்றப்பட்டது. அதன்பின் மேடுகள் சில தணிக்கப்பட்டன. வேலிப்புதர்கள் அகற்றப்பட்டு உருக்குத் தடுப்புகள் இடப்பட்டன. 1976இன் பின் கிறான் பிறீ வடக்கு வளையத்துக்குத் திரும்பவேயில்லை. 1984இல் அருகிலேயே குறுகிய புதிய பாதையொன்று திறக்கப்பட்டது. எனினும் 24 மணிநேர ஓட்டம் போன்றன பழைய வளையத்தைத் தொடர்ந்தும் பயன்படுத்துகின்றன.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றத்தையும் குறிப்பிடவேண்டும். 2018இல் ரிமோ பேர்ன்ஹாட், போர்ஷ வாகனமொன்றில் 5 நிமிடம் 19.546 செக்கனில் வடக்கு வளையத்தைச் சுற்றியபோது, கமெரா வாகனத்தினுள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. அப்பதிவில் எல்லா வளைவுகளும் ஒரே கண்ணாற் காணப்படுகின்றன. கால்கன்கொப் சில செக்கன்களிற் கடந்துபோகிறது. திருப்பம் முடியுமுன்னரே எஞ்சினின் ஓசை உயரத் தொடங்குவதைக் கவனித்துக் கேட்போர் உணரலாம். கரூசலுக்கு 2001இல் கரச்சியோலாவின் பெயர் சூட்டப்பட்டது. பேர்க்வேர்க் இன்றும் சுரங்கத்தின் பெயராலேயே வழங்கிவருகிறது. அச்சரிவுகளை வெட்டிய தொழிலாளரின் பெயர் எவ்வளைவுக்கும் இடப்படவில்லை.