பழைய காருக்குப் புதிய எஞ்சின்: முதலில் தகரத்தைப் பாருங்கள்

"நானா, ஒரு மொரிஸ் மைனர் அமைந்திருக்கிறது. கொஞ்சம் துருதான். நிஸான் எஞ்சின் ஒன்று பார்த்துத் தாருங்கள்." பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் என்னிடம் இப்படிக் கேட்டு வருபவர்கள் குறைவதே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை இந்தக் கேள்வி இன்னும் அதிகமாக வந்தது. எஞ்சின் விற்றால் எனக்கு இலாபம்தான். ஆனாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை இந்த வாரம் விளக்கலாம் என நினைக்கிறேன்.

மொரிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ்தான் பின்னர் மினி காரையும் வடிவமைத்தார். 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் தயாரிக்கப்பட்டன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் முன்னர் எமது நாட்டில் புதிய வாகனம் எடுப்பது இலேசான காரியமல்ல. இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அதனால்தான் இந்த வண்டி இன்றும் எமது வீதிகளில் நிற்கிறது.

மைனரின் எஞ்சின் 918, 803, 948, 1098 சீசீ என நான்கு வகையாக வந்தது. கடைசியாக வந்த 1098 சீசீ எஞ்சினுக்கே 48 குதிரை வலுதான். கடுகண்ணாவ ஏற்றத்தில் பின்னால் வரும் பஸ்காரருக்கு அது போதாது. ஆகவே பலர் வேறு வண்டியின் எஞ்சினை எடுத்துப் பொருத்துகிறார்கள். எந்த எஞ்சினும் சரிவராது. மைனரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது, பின் சில்லுதான் வண்டியைத் தள்ளுகிறது. இப்போதைய சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சில்லு இழுப்பவை, அவற்றின் எஞ்சின் குறுக்காக இருக்கும். எனவே பின் சில்லு தள்ளும் பழைய ஜப்பான் வண்டிகளையே தேட வேண்டும். நிஸான் சனியின் 1171 சீசீ ஏ12 எஞ்சின், டொயோட்டா கொரோலாவின் கே வகை எஞ்சின் என்பன இதற்குப் பேர்போனவை. கியர் பொக்ஸையும் சேர்த்தே எடுக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாப்டின் நீளத்தை மாற்றி பெலன்ஸ் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பணம் கொடுத்தால் நடக்கக்கூடிய வேலை. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. லொறிக்குத் தனியாக செசி இருக்கும், அதன்மேல் பொடி அமர்ந்திருக்கும். மைனர் காருக்கு அப்படியில்லை. தளமும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகரமும், முன் ஆசனத்தின் கீழே குறுக்காகச் செல்லும் பெட்டியும்தான் அதன் செசி. முன் சில்லுகளைத் தாங்கும் டோர்ஷன் பார்கள் அந்தக் குறுக்குப் பெட்டியில்தான் முடிகின்றன. பின் ஸ்பிரிங்குகள் தளத்தின் பின்பகுதியில் தொங்குகின்றன. இவை எல்லாம் உள்ளே வெறுமையான பெட்டிகள். தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும் துரு வெளியே தெரியும்போது உள்ளே தகரமே இருக்காது. காலியோரத்து உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1998 இல் நானும் ஒரு நண்பரும் கூட்டாக ஒரு மைனரை வாங்கித் திருத்தினோம். நல்ல நிஸான் எஞ்சின் போட்டோம், பெயின்ட் அடித்தோம், புதிய ஆசன உறை தைத்தோம். குறுக்குப் பெட்டி அரித்திருப்பதை டிங்கரிங் பாஸ் காட்டினார். வெட்டி எடுத்துப் புதிதாகச் செய்தால் இன்னும் மூன்று வாரம் போகும் என்றார். கையில் காசு முடிந்திருந்தது. மேலே ஒரு தகரத்தை ஒட்டிப் புட்டி பூசச் சொன்னோம். வெளியூர் ஆசிரியர் ஒருவர் வாங்கிச் சென்றார்.

ஆறு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். குடும்பத்தோடு போகும்போது டயரில் காற்றுப் போயிருக்கிறது. ஜெக் வைத்துச் சுழற்றியிருக்கிறார். வண்டி எழும்பவில்லை. ஜெக் தகரத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை. "நானா, இது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்து, அந்தப் பெட்டியை முழுதாக வெட்டிப் புதிதாகச் செய்து கொடுத்தோம். கிடைத்த இலாபம் முழுவதும் போய், மேலதிகமாகவும் போனது. ஓடும்போது அது உடையாமல் இருந்ததே அல்லாஹ்வின் அருள்.

அன்றிலிருந்து என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

முதலில் தகரம். ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். புட்டி தடிப்பாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. தளத்து விரிப்பைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரித்த தகரத்தின் மேல் தகரம் ஒட்டக்கூடாது. நல்ல தகரம் வரை வெட்டியே வெல்டிங் செய்ய வேண்டும்.

இரண்டாவது பிரேக்கும் முன் சில்லும். மைனரின் நான்கு சில்லுகளுக்கும் ஒரே பிரேக் குழாய் வழிதான். ஓரிடத்தில் உடைந்தால் பிரேக் மொத்தமாகப் போய்விடும். எஞ்சின் வலுவைக் கூட்டுபவர் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும், முன்னால் டிஸ்க் பிரேக்கும் போட வேண்டும். முன் சில்லைத் தாங்கும் மரையுள்ள மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால், மரை தேய்ந்து சில்லு சரிந்து விழும். பழைய ஆக்ஸில் கூடிய வலுவைத் தாங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது மின்சாரம். மைனரில் பெட்டரியின் பொசிட்டிவ் பக்கம்தான் பொடியில் கொடுக்கப்பட்டிருக்கும். ஜப்பான் வண்டியில் நெகட்டிவ். இதை மாற்றாமல் அல்டனேட்டரை இணைத்தால் அதன் டயோட்கள் அந்த இடத்திலேயே எரிந்துவிடும்.

இவை முடிந்த பிறகே எஞ்சின். வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். ஒரு வண்டியின் செசி இலக்கத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது சட்டப்படி குற்றம், மார்க்கப்படி மோசடி.

வியாபாரமாகச் செய்பவர்கள் கணக்கிலும் இதே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கைத் தகரத்துக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஏற்ற எஞ்சினைத் தேடுங்கள். எஞ்சினை முதலில் வாங்குபவரின் காசு பெயின்ட் அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். அப்போதுதான் ஷைத்தான் புட்டி டின்னைக் கையில் எடுத்துத் தருவான்.

எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, எங்கே வெட்டி ஒட்டியது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, வெல்டிங் செய்யும்போது படமும் எடுத்து வையுங்கள். விற்கும்போது அந்தக் கொப்பியையும் வாங்குபவர் கையில் கொடுங்கள். விலை குறையும் என்று பயப்பட வேண்டாம். என் அனுபவத்தில் கொப்பியுள்ள வண்டிக்கே நல்ல விலை கிடைத்தது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என அந்த வியாபாரியிடம் கேட்டார்கள். அந்த வியாபாரியின் ஈரத் தானியமும் எங்கள் காரின் புட்டியும் ஒன்றுதான். மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை நாம் மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். கடையில் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

பழைய காரைக் காப்பாற்றுவது நல்ல வேலை, நல்ல தொழிலும்கூட. ஆனால் அதில் ஏறிப் போவது ஒரு குடும்பம். அடியிலுள்ள தகரம் அவர்களது உயிருக்கான அமானிதம். அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக.